பாளையங்கோட்டை பட்டாளமும் பெல்ஜியத்துத் தொளியும்

போர் மியூசியம்னாலே எனக்கு ஆவாது. கண்ணாடிப் பொட்டிக்குள்ள துப்பாக்கி, கத்தி, மெடலு, ஒரு பொம்மைக்கு யூனிபார்ம மாட்டி வெறைப்பா நிறுத்தி வச்சிருப்பான், பிள்ளைங்க அதுகிட்ட நின்னு செல்ஃபி எடுக்கும், நாமளும் ஒரு ரவுண்டு சுத்திட்டு கேன்டீன் எங்கன இருக்குன்னு தேட ஆரம்பிச்சிருவோம். அதனால பெல்ஜியம் போயி முதல் உலகப்போர் பதுங்குகுழி மியூசியம் பாக்கணும்னு செய்யது சொன்னப்போ எனக்கு சுத்தமா இஷ்டம் இல்ல. லீவு போட்டு காசு செலவழிச்சு அவ்ளோ தூரம் போயி குழியப் பாக்கவா, குழிதான் நம்ம ரோட்டுலயே கெடக்கேன்னேன். அந்தோணி சிரிச்சான், செய்யது சிரிக்கல. "ஏலே, நம்ம பாளையங்கோட்டை பேருல ஒரு பட்டாளமே அந்தச் சண்டைக்குப் போயிருக்கு, தெரியுமா ஒனக்கு"ன்னான். தெரியாது. பாளையிலயே பொறந்து வளந்தவன், மேடை போலீஸ் ஸ்டேஷன தாண்டித்தான் தெனமும் பள்ளிக்கூடம் போனவன், எனக்குத் தெரியாது.

ஆளுங்கள சொல்லிருதேன். அந்தோணி நெதர்லாந்துல ஐந்தோவன்ங்கிற ஊர்ல வேலை பாக்கான், எங்க எல்லாருக்கும் ஐரோப்பால ஓசி வீடு அவன் வீடுதான். செய்யது மேலப்பாளையம், வக்கீலு, கோர்ட்டுல பேசுறத விட எங்ககிட்ட பேசுறது ஜாஸ்தி. இசக்கி சேரன்மாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய் பாசனத்துல வயல் இருக்கு, கூட ஒரு உரக்கடை. அவனுக்கு விசா கெடைச்சதே பெரிய கதை, தொழில் என்னன்னு கேட்டதுக்கு விவசாயம்னு எழுதிட்டான், அதுக்கப்புறம் அவன்கிட்ட கேட்ட பேப்பர் எல்லாம் அடுக்கினா ஒரு கட்டு வரும், பத்திரம் பட்டா வரைக்கும் மொழிபெயர்த்துக் குடுத்தான் பாவம். இந்த மியூசியத்த எங்க எல்லாரையும் விட ஒழுங்கா பாத்தது அவன்தான், அதுக்காகத்தான் இத எழுதவே உக்காந்தேன்.

ஐந்தோவன்ல இருந்து கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். பெல்ஜியத்தோட மேக்கு மூலை, ஃபிளாண்டர்ஸ். ஈப்பர்னு ஒரு ஊரு, அதுக்குக் கெழக்க ஸோனபேகன்னு ஒரு சின்ன ஊரு, அங்க ஒரு பழைய பங்களாவுல இருக்கு மியூசியம், பாஸ்சண்டேல் மியூசியம். போற வழியெல்லாம் தட்டையான நெலம், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மாடு. மேடுன்னு சொல்லி ஒரு எடத்தக் காட்டுனான் அந்தோணி, நம்ம ஊர்ல அத பொத்தைன்னு கூட எவனும் சொல்ல மாட்டான், ரோடு லேசா ஏறி எறங்குது, அவ்வளவுதான். அந்த ஏத்தத்த ஜெர்மன்காரன்கிட்ட இருந்து பிரிட்டிஷ்காரன் புடிக்கத்தான் 1917 ஜூலை 31ல ஆரம்பிச்சு நவம்பர் 10 வரைக்கும் சண்டை. நூறு நாளு, எட்டு கிலோமீட்டர், செத்தவன் காயம்பட்டவன் காணாமப்போனவன்னு ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 5 லட்சம் பேர். எட்டு கிலோமீட்டர்ங்கது பாளை பஸ் ஸ்டாண்டுல ஏறுனா வண்ணாரப்பேட்டை தாண்டி ஜங்ஷன் தாண்டி கொஞ்ச தூரம். இதுல இன்னொண்ணு, இவ்ளோ சாவு செத்து புடிச்ச மேட்ட 1918 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் வேற பக்கம் அடிச்சப்போ பிரிட்டிஷ்காரனே சத்தமில்லாம விட்டுட்டு பின்னால வந்துட்டான், இங்க நிக்கது தோதுப்படலன்னு. இத அங்க படிச்சப்போ எனக்கு வந்த கெட்டவார்த்தைய இங்க எழுத முடியாது.

உள்ள இருக்குற துப்பாக்கி பீரங்கி சமாச்சாரம் எல்லாம் நான் வேகமா கடந்துட்டேன். முள்ளுக்கம்பி இருந்த எடத்துல மட்டும் செய்யது நிறுத்துனான். டிரெஞ்சுக்கு, அதான் பதுங்குகுழிக்கு, முன்னால போட்டிருக்குற இந்த முள்ளுக்கம்பிய அறுக்க நீளமான குழாய்க்குள்ள வெடிமருந்து வச்சுத் தள்ளுவாங்களாம், அதுக்குப் பேரே பெங்களூர் டார்பிடோ, 1912ல பெங்களூர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்துல இருந்த மக்கிளின்டாக்ங்கிற கேப்டன் கண்டுபுடிச்சது. மெட்ராஸ் சாப்பர்ஸ்னா நம்ம தென்னாட்டு ஆளுங்க, பட்டாளத்துல இன்னைக்கும் அவங்களுக்குச் செல்லப்பேரு தம்பி. அந்தக் குழாயில மருந்து அடைச்சு டெஸ்ட் பண்ணுனது எந்தத் தம்பியோ, பேரு கேப்டனுக்குப் போயிருச்சு.

வெளிய தோட்டத்துலதான் விஷயம். அங்க நெஜமாவே மண்ணத் தோண்டி டிரெஞ்ச் கட்டி வச்சிருக்கான், ஜெர்மன்காரன் கட்டுன மாதிரி ஒரு பக்கம், பிரிட்டிஷ்காரன் கட்டுன மாதிரி ஒரு பக்கம், நாம உள்ள எறங்கி நடந்து போகலாம். நாங்க போன அன்னைக்கு காலைல இருந்து நசநசன்னு தூறல். இசக்கி எறங்குன ஒடனே மொத வேலையா என்ன பண்ணுனான்னா சுவர் ஓரத்துல கொஞ்சம் மண்ணக் கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அமுக்கி உருட்டுனான். உருட்டுனது திரி மாதிரி ஒடையாம நிக்குது. "களிலே. தண்ணி கீழ எறங்காது. இதுல எவன் குழி தோண்டச் சொன்னது"ன்னான். இதுதான் எங்க நாலு பேர்ல முதல் உருப்படியான கமெண்ட்டு.

நெசமாவே அந்த ஊர்ல நெறைய எடத்துல ரெண்டடி தோண்டுனாலே தண்ணி ஊறிருமாம். அதனால கீழ தோண்ட முடியாம, மண்ண சாக்குல அடைச்சு மேல மேல அடுக்கி சுவரா ஏத்தி அதுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான். படத்துல பாக்கும்போது டிரெஞ்சுன்னா ஏதோ நேரா ஒரு ஓடை மாதிரி நெனச்சிட்டு இருந்தேன், அப்படி இல்ல, கொஞ்ச தூரத்துக்கு ஒரு திருப்பம், மறுபடி திருப்பம், பத்தடிக்கு அங்குட்டு யாரு நிக்கான்னே தெரியாது. ஏன்னா நேரா இருந்துச்சுன்னா ஒரு குண்டு உள்ள விழுந்தா மொத்த வரிசையும் காலி, இல்ல எதிராளி ஒரு முனையில புகுந்து மெஷின் கன்ன வச்சான்னா அந்தக் கடைசி வரைக்கும் ஒரே சுடுல போயிருவான். திருப்பம் இருந்தா செத்தாலும் அந்தத் துண்டுல இருக்குறவன் மட்டும் சாவான். எத்தன பேர் சாவணும்ங்கத முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் மம்பட்டிய எடுத்திருக்கான்.

ஜெர்மன் பக்கத்துல சுவர் சரியாம இருக்க சுள்ளிய வளைச்சுப் பின்னி நிறுத்தியிருந்தான். இசக்கி அதத் தடவிப் பாத்துட்டு "படல்லா இது, எங்க ஆட்டுக் கிடைக்கு எங்க தாத்தா பின்னுவாரு, இதே பின்னல்தான்"ன்னு உக்காந்துட்டான். பிரிட்டிஷ் பக்கம் தகரமும் மரச்சட்டமும். A எழுத்து மாதிரி இருக்குற அந்த மரச்சட்டத்த தலைகீழா நிறுத்தி, நடுக்கட்டை மேல மரப்பலகைய வரிசையா போட்டிருக்கான், ஆள் பலகை மேல நடப்பான், தண்ணி கீழ ஓடும். ஓடும்னு எழுதிட்டேன், ஓடுனாத்தான.

இங்கதான் இசக்கி ஒரு கேள்வி கேட்டான். "வடிகால் எங்க போவுது?" நாங்க முழிச்சோம். அவன் டிரெஞ்ச விட்டு வெளிய ஏறி அந்தப் பக்கத்து வயல் ஓரமா போயி நின்னு பாத்துட்டு வந்தான், வயலுக்கு வயல் சின்னச் சின்ன ஓடை வெட்டி வச்சிருக்கான், அது போயி பெரிய ஓடையில சேருது, இந்த ஊரே வடிகால்ல தான் உயிர் பொழச்சிருக்கு, தலைமுறை தலைமுறையா வெட்டி வச்ச ஓடை இது, இதுல குண்டு போட்டா என்ன ஆவும்னு கேட்டான். அதுக்கப்புறம் உள்ள போயி போர்ட்டப் படிச்சா அதேதான் எழுதியிருக்கு. சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ரெண்டு வாரம் பிரிட்டிஷ் பீரங்கி மட்டும் 40 லட்சத்துக்கு மேல குண்டு போட்டிருக்கு, எதிரியோட காவலை ஒடைக்கணும்னு. ஒடைஞ்சது ஓடைங்க. அப்புறம் ஆகஸ்ட் முழுக்க அடைமழை. தண்ணிக்குப் போக வழி இல்ல. குண்டு விழுந்த குழி ஒண்ணோட ஒண்ணு சேந்து ஊரே தொளியாயிருச்சு. காயம்பட்டு குழிக்குள்ள விழுந்தவன் எந்திரிக்க முடியாம முங்கிச் செத்திருக்கான். குதிரை கழுதை எல்லாம் முங்கியிருக்கு. பலகைய விட்டுக் கால் வழுக்குனா முடிஞ்சது, கூட நடந்தவன் நின்னு கைகுடுக்கக் கூடாதுன்னு கூட சில எடத்துல உத்தரவு.

2023 டிசம்பர்ல நம்ம ஊர்ல பெஞ்சத யாரும் மறந்திருக்க மாட்டீங்க, காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சுல்லா, அப்போ இசக்கி வயல்ல கரை ஒடைஞ்சு மணல் ஏறி, வாய்க்கால் எது வரப்பு எதுன்னே தெரியாம ஆயிருச்சு, தண்ணி வத்துன பெறகும் அந்த வயலு வயலா ஆகல, வடிகால மறுபடி எடுத்து விடுற வரைக்கும் நாத்து வேர் அழுகிட்டே கெடந்துச்சு. அத மனசுல வச்சுத்தான் அவன் பேசுனான். ஒரு மழைக்கே அப்படி. இங்க ஒடைச்சது மனுசன், அதுவும் அளந்து, மேப் போட்டு, தன் ஆளுங்க நடந்து போக வேண்டிய எடத்தயே ஒடைச்சிருக்கான்.

கால் அழுகல் பத்தி ஒரு மூலைல போட்டோ இருந்துச்சு, டிரெஞ்ச் ஃபுட்டுன்னு சொல்லுவாங்கல்லா. நாள்கணக்குல ஈரச் சாக்ஸும் பூட்ஸும் குளிரும், ரத்த ஓட்டம் நின்னு கால் மரத்து வீங்கி கருத்துப்போயி கடைசியில விரல வெட்டணும், சில பேருக்கு காலையே. நடவு நடுற பொம்பளைங்களுக்கு வர்ற சேத்துப்புண்ணு இல்ல இது, சேத்துப்புண்ணுக்கு ராத்திரி கரையேறி வீட்டுக்கு வந்து கழுவி வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டாக் கேக்கும். இவனுக்கு கரையேற நேரமே கெடையாது. திமிங்கல எண்ணெய காலுல தேச்சு சாக்ஸ் மாத்தச் சொல்லி உத்தரவு, ஜோடி ஜோடியா நின்னு ஒருத்தன் கால ஒருத்தன் தேச்சு விடணும், ஆபீசர் வந்து பாதம் பாதமா குனிஞ்சு பாப்பான். எலி, பேன், பேன் மூலமா வர்ற காய்ச்சல், அதெல்லாம் எல்லாரும் எழுதுனதுதான், விட்டுருதேன்.

விஷவாயு பகுதில மோந்து பாக்குற டப்பா வச்சிருக்கான். ஒரிஜினல் இல்ல, பயப்படாதீங்க, வாசனை மட்டும் செயற்கையா பண்ணி வச்சிருக்கான். 1915 ஏப்ரல் 22ல ஈப்பர் பக்கத்துலதான் ஜெர்மன்காரன் மொத மொதலா பெரிய அளவுல குளோரின திறந்து விட்டது, அதோட வாசனை நம்ம ஊர் தண்ணித்தொட்டில பிளீச்சிங் பவுடர் போட்ட அன்னைக்கு வருமே, அதே. மஸ்டர்ட் கேஸ் 1917 ஜூலைல இங்கதான் அறிமுகம், பூண்டு கடுகு சேந்த நெடி, ஓட்டல் அடுப்பாங்கரைல நின்னா சந்தேகமே வராது. ஃபாஸ்ஜீன் டப்பாவத் திறந்து மோந்த இசக்கி டக்குனு முகத்த எடுத்துட்டான். "வைக்கோலு. நனைஞ்ச வைக்கோலு"ன்னான். நானும் மோந்தேன், அதேதான், படப்பு அடியில மழைத்தண்ணி எறங்கி பூத்துப் போன வைக்கோல் வாசம். ஒரு சம்சாரி வீட்டுப் பையன், அன்னைக்கு பட்டாளத்துல இருந்தான்னு வைங்க, ராத்திரி காத்துல அந்த வாசனை வந்தா அவன் மூஞ்சிய மூடவா செய்வான்? வீட்டு நெனப்புதான வரும்? இத அங்க எந்த போர்டும் சொல்லல, ஆனா எனக்கு அங்க இருந்து நகர முடியல.

அப்படி மூஞ்சிய மூட ஒண்ணும் இல்லாமத்தான் 1915 ஏப்ரல் 26ல லாகூர் டிவிஷன்ங்கிற இந்தியப் படைப்பிரிவ பிரிட்டிஷ்காரன் அந்த வாயுக்கு முன்னால எறக்கியிருக்கான். இந்தியப் பட்டாளம் 1914 செப்டம்பர் கடைசியிலயே மார்செய்ல்ஸ்ல வந்து எறங்கியாச்சு, பருத்தி காக்கியோட, ஐரோப்பா குளிருக்கு. அக்டோபர் 31ல ஈப்பர் பக்கம் ஹோலபேகல ஒத்தை மெஷின் கன்னோட கடைசி வரைக்கும் நின்ன குதாதாத் கான்தான் விக்டோரியா கிராஸ், அதான் பிரிட்டிஷ் பட்டாளத்தோட ஒசந்த வீர மெடலு, வாங்குன மொத இந்திய சிப்பாய். செய்யதுக்கு இதெல்லாம் தண்ணிபட்ட பாடு. அவன் சொன்ன கதைல எனக்குப் புடிச்சது அண்ணந்தம்பி கதை. மிர் தஸ்த், மிர் மஸ்த்னு ரெண்டு பேரு, பட்டாணியன்மாரு. மிர் தஸ்த் அந்த ஏப்ரல் 26ல தானும் வாயுவ குடிச்சிட்டு மத்த ஆளுங்கள இழுத்துட்டு வந்து காப்பாத்துனான், விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. கூடப்பொறந்த மிர் மஸ்த் அதுக்கு முன்னாலயே, மார்ச்சுல, கொஞ்சம் பேரக் கூட்டிட்டு ராத்திரியோட ராத்திரியா ஜெர்மன்காரன் பக்கம் போயிட்டான். ஒரே ஆத்தா பெத்த பிள்ளைங்க, ஒரே குளிரு, ஒரே தொளி.

ஊருக்கு எழுதுற கடுதாசி எல்லாத்தையும் சென்சார் பிரிச்சுப் படிப்பான்னு தெரிஞ்சு, சிப்பாய்ங்க மிளகு கணக்குல எழுதியிருக்காங்க. கருப்பு மிளகு தீந்துபோச்சு, இப்ப செகப்பு மிளகு போட்டுட்டு இருக்காங்கன்னு. கருப்பு மிளகுன்னா நம்ம ஆளு, செகப்பு வெள்ளக்காரன். சென்சார் ஆபீசரும் லேசுப்பட்டவன் இல்ல, கண்டுபுடிச்சிட்டான், அதனாலதான் அந்தக் கடுதாசிங்க இன்னைக்கும் ரெக்கார்டுல கெடக்கு.

பூமிக்கு அடியில ஒரு தங்குற குழி மாதிரி கட்டி வச்சிருக்கான், படி எறங்கி எறங்கிப் போனா மரப்பலகை அடிச்ச தாழ்வான பாதை, ரெண்டு பக்கமும் அடுக்குக் கட்டிலு, டெலிபோன் ரூமு, ஆஸ்பத்திரி ரூமு. மேல ஒரு வீடு மரம் மிச்சம் இல்லாததால சுரங்கம் தோண்டுற ஆளுங்கள வச்சு உள்ள போயிட்டான். பம்பு வச்சு தண்ணிய எறைச்சுட்டே இருக்கணும், நிறுத்துனா ரூமு ரொம்பிரும். ஆறடி அந்தோணிக்கு உத்தரத்துல நாலு தடவ இடி. நான் பாதிலயே முன்னால போயி ஏறிட்டேன், குண்டுச் சத்தத்த வேற ஸ்பீக்கர்ல போட்டு விட்டிருக்கான், மூச்சு முட்டிருச்சு.

சாயங்காலம் திரும்பும்போது ரோட்டோரத்துல ஒரு கரண்டு கம்பம், அதுக்கு அடியில துருப்புடிச்ச குண்டு ரெண்டு கெடந்துச்சு. உழும்போது இன்னும் வருதாம், வருஷா வருஷம், சம்சாரி எடுத்து கம்பத்தடியில வச்சிட்டு போன் பண்ணுவான், பட்டாளத்து வண்டி வந்து அள்ளிட்டுப் போயி பூல்கபெல்லங்கிற ஊர்ல வச்சு செயலிழக்க வைக்குமாம், சிலதுல விஷவாயு இன்னும் உசுரோட இருக்கு. இசக்கி கிட்டக்க போயி பாக்கணும்னான், அந்தோணி சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். "எங்களுக்கு ஏர்ல முதுமக்கள் தாழிதாம்லே தட்டும்"னு மொணங்கிக்கிட்டே வந்தான்.

டைன் காட் கல்லறைக்கும் போனோம், கிட்டத்தட்ட 12,000 பேரு, அதுல 8,000 பேருக்கு மேல பேரு கெடையாது. ஒண்ணும் பேசாம சுத்திட்டு வந்தோம். அதப்பத்தி எழுத என்கிட்ட ஒண்ணும் இல்ல.

மறுநாள் பொப்பரிங்க. அது ஈப்பருக்கு மேக்க, சண்டைக்குப் பின்னால இருந்த ஊரு, சிப்பாய்க்கு லீவு விட்டா இங்கதான் வருவான், சாராயம், நாடகம், எல்லாம். அந்த ஊர் டவுன்ஹாலுக்குப் பின்னால முற்றத்துல ஒரு மரக்கம்பம் நிக்குது, பக்கத்துல சிறை ரூமு. சண்டையில இருந்து ஓடுனவன, போஸ்ட்ட விட்டு நகந்தவன, ராத்திரி அந்த ரூம்ல அடைச்சு வச்சு விடியக்காலம் கம்பத்துல கட்டிச் சுட்டுருவாங்க. யாரு சுடுவா? அவன் கூட இருந்த பட்டாளத்துக்காரனே. ஓடுனதுக்கும் கோழைத்தனத்துக்கும்னு அப்படிச் சுட்டவங்கள்ல 306 பேருக்கு 2006ல பிரிட்டன் அரசாங்கம் மன்னிப்பு குடுத்துச்சு. 90 வருஷம் கழிச்சு. அதுல பல பேருக்கு என்ன வந்திருக்கும்னு இன்னைக்கு ஒரு டாக்டர்கிட்ட கேட்டா சொல்லிருவாரு, குண்டுச் சத்தத்துல மூளை கலங்கி கை நடுங்கி பேச்சு வராமப் போனவன்தான்.

அந்தக் கம்பத்துக்கு முன்னால வச்சுத்தான் நான் செய்யதக் கேட்டேன், நம்ம பாளையங்கோட்டை பட்டாளம் என்னடா ஆச்சுன்னு. அவன் "ஓடிட்டாங்க"ன்னான்.

கதை இதுதான். 63வது பாளம்கோட்டா லைட் இன்ஃபான்ட்ரி, பழைய மெட்ராஸ் ஆர்மியோட பட்டாளம், தென்னாட்டு ஆளுங்க. இவங்க பெல்ஜியத்துக்கு வரல, ஆப்பிரிக்காவுக்குப் போனாங்க. 1914 நவம்பர், இன்னைக்கு தான்சானியால இருக்குற டாங்கா துறைமுகம், அப்போ ஜெர்மன்காரன் கையில. பம்பாய்ல இருந்து சுமார் 8,000 பேரக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போறான் பிரிட்டிஷ் ஜெனரல் எய்ட்கன். அங்க ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக் கையில இருந்தது ஆயிரம் பேரு சொச்சம், அதுல பெரும்பகுதி ஆப்பிரிக்க அஸ்காரி சிப்பாய்ங்க. ஜெயிக்க வேண்டிய சண்டை. என்ன பண்ணுனான் தெரியுமா, சண்டைக்கு முன்னால ஒரு போர்க்கப்பல அனுப்பி, நாங்க வந்துட்டோம், சரண்டர் ஆயிருன்னு சொல்லிட்டு வந்துட்டான். எதிராளிக்கு ஆள் சேக்க நேரம் குடுத்தாச்சு. நம்ம ஆளுங்க வாரக்கணக்கா கப்பல்ல வாந்தி எடுத்துக் கெடந்தவங்க, சில பட்டாளத்துக்கு புது மாடல் துப்பாக்கியே கப்பல் ஏறுறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் கைக்கு வந்துச்சு. 4ம் தேதி வெயில்ல, ரப்பர் தோட்டமும் பொதருமா கெடந்த காட்டுக்குள்ள நடக்க விட்டான். மெஷின் கன் கிழிச்சது. 63 கலைஞ்சு பின்னால ஓடிச்சு. மரத்துல கட்டியிருந்த தேன்கூட்டுல தோட்டா பட்டு தேனீ வேற கெளம்பி நம்ம பக்கத்து 98வது பட்டாளத்தப் போட்டுக் கொட்டிருச்சு, அதனால தேனீச் சண்டைன்னே அதுக்குப் பேரு. கடைசியில எல்லாத்தையும் போட்டுட்டு கப்பல் ஏறுனாங்க, மெஷின் கன்னு, நூத்துக்கணக்குல துப்பாக்கி, 6 லட்சம் தோட்டா, எல்லாம் ஜெர்மன்காரனுக்கு தானம்.

அதுக்கப்புறம் எழுதுன பிரிட்டிஷ் புஸ்தகத்துல எல்லாம் பாளம்கோட்டான்னு வந்தாலே நக்கல்தான். மெட்ராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லன்னு பிரிட்டிஷ் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் 1880கள்லயே முடிவு பண்ணிட்டான், வீர இனம்னு வடக்க மட்டும் ஆள் எடுத்தான், தெற்கத்தி பட்டாளத்த காவலுக்கும் கவாத்துக்கும் மட்டும் வச்சு மங்க விட்டான். முப்பது வருஷம் கழிச்சு திடீர்னு தூக்கிட்டுப் போயி முன்னால நிறுத்துனா அவன் என்ன செய்வான்? அந்த ஜெனரல என்ன பண்ணுனாங்கன்னு கேட்டேன். பதவி எறக்கம், அரைச் சம்பளம். கம்பம் இல்ல.

மியூசியத்துல அந்தத் திருப்பம் திருப்பமான குழிக்குள்ள நடந்தப்போ எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு, இதுக்குள்ள நின்னவன்தான் அதிசயம், ஓடுனவன் இல்ல. நின்னவனுக்கு மெடலு, பேரு, கல்லு, தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு ஈப்பர்ல மெனின் கேட்டுங்கிற நினைவு வாசல்ல பியூகிள் ஊதுறான் 1928ல இருந்து. ஓடுனவனுக்கு ஒரு போர்டாவது வைக்கலாம். அவன் எந்த ஊரு, என்ன வயசு, எதப் பாத்து ஓடுனான்னு. பொப்பரிங்கல அந்த வேலைய பண்ணியிருக்கான், அதனால அந்தச் சின்ன முற்றம் எனக்கு பெரிய மியூசியத்த விட ஒசத்தியாப் பட்டுச்சு. பாளையில நம்மகிட்ட அதுவும் கெடையாதுல்லா, ஊர் பேரச் சொமந்துட்டுப் போன பட்டாளம்னு ஊருக்குள்ள பேச்சுக்குக் கூட யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

ஊருக்கு வந்த பெறகு முருகன்குறிச்சி டீக்கடைல இதப் பேசிட்டு இருந்தோம், எங்களுக்குப் பாடம் எடுத்த ரிட்டயர்டு வரலாறு சார் அங்க இருந்தாரு. செய்யது ராபர்ட்ஸ்ல ஆரம்பிச்சு முழு வாதத்தையும் கோர்ட்டு மாதிரியே வச்சு முடிச்சான். சார் டீய ஆத்திக்கிட்டே கேட்டுட்டு, "அதே சண்டைல 101 கிரனேடியர்ஸ் நின்னான்லாடே? அவனும் இந்தியன்தான், அவனும் அதே கப்பல்லதான வந்தான்? ஓடுனா ஓடுனதுதான், அதுக்குப் போயி போர்டு வைக்கணும்ங்கியோ"ன்னாரு.

"சார், நின்னவன் எத்தன பேரு திரும்பி வந்தான்னு பாத்தீங்களா?"ன்னான் செய்யது.

"அதத்தான்டே நானும் சொல்லுதேன். அவனுக்கு மொதல்ல வையி."

செய்யதுக்கு அதுக்கு உடனே பதில் வரல, எனக்கும் வரல, இன்னும் அதப் பத்தித்தான் வாட்ஸ்ஆப் குரூப்புல ஓடிட்டு இருக்கு. அடுத்து டாங்காவுக்கே போயி பாத்துருவோம்னு அவன் கெளம்பிட்டான், அந்தோணி தார் எஸ் சலாம் பிளைட் ரேட்டு போட்டு விட்டிருக்கான். இசக்கி பிசானம் அறுப்பு முடியாம எங்கயும் வர மாட்டேன்னுட்டான், அதுவும் இல்லாம அந்தத் தேனீ இன்னும் அங்கதான் இருக்கான்னு கேட்டுச் சொல்லணுமாம்.